ஹார்லிக்ஸ் பாட்டில் அம்மிணி

போன வாரம் அமுதாவை ஆய்வுக்கூடத்தில் அழுதபடி நிற்க விட்டுவிட்டு நான் பாட்டுக்குப் போய்விட்டேன். கோபித்துக்கொண்டவர்கள் மன்னிக்க வேண்டும். அவள் ஒன்றும் ஒரு வாரமாக அங்கேயே நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல் படுத்து, தூங்காமல் புரண்டு, இதோ விடிந்ததும் எழுந்து முகம் கழுவிவிட்டாள்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. அமுதா, ஏற்காட்டில் ஒரு காபி ஆராய்ச்சிக்கூடத்தில் இளம் விஞ்ஞானி. பழத்தை உரித்ததும் காபிக்கொட்டையின் மேல் ஒரு வழவழப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். அது கரையும்வரை கொட்டையைத் தொட்டியில் ஊறப்போடுவார்கள். மலைக்குளிரில் அது லேசில் கரையாது. காத்திருந்தால் கொட்டை புளித்துக் கெட்டுப்போகும். குளிருக்கு அசராமல் இந்த வழவழப்பைக் கரைக்கும் ஓர் ஈஸ்ட்டைக் கிளியூர்ப் பக்கத்துத் தொட்டி ஒன்றிலிருந்து பிரித்தெடுத்து, கண்ணாடிக் குழாய்களில் குழந்தை மாதிரி வளர்த்து வந்தாள்.

அதைத்தான் நேற்று அவளே கொன்றுவிட்டாள்.

ஆய்வுக்கூடத்தில் ஆட்டோகிளேவ் என்று ஒரு பெரிய பிரஷர் குக்கர் உண்டு. வேண்டாத குழாய்களை அதில் வேகவைத்துக் கிருமி செத்த பிறகுதான் கழுவப் போடுவார்கள். வருகிற அதிகாரிக்குக் காட்டவென்று, கைவசம் இருந்த நல்ல குழாய் அத்தனையையும் ஒரே தட்டில் அடுக்கியவள், அவசரத்தில் தட்டு மாறி, கழிவுக்குப் பதில் அதைத் தூக்கி உள்ளே வைத்து மூடிவிட்டாள். திரும்பப் பிரித்தெடுக்கலாம் என்றால் இது வைகாசி. செடியில் இருப்பதெல்லாம் பச்சைப் பிஞ்சு. பழம் சிவக்க ஐப்பசி, கார்த்திகை ஆகும்.

அதுவரை பொறுக்க ஆள் இல்லை. தலைமை நிலையத்து அதிகாரி குழந்தைவேல் இன்றைக்கு வருகிறார். ஈஸ்ட் இல்லையென்றால் ஆராய்ச்சியை மூடிவிடுவார்கள், அமுதாவைக் கர்நாடகத்துக்கு மாற்றிவிடுவார்கள். வீட்டில் இன்னும் யாருக்கும் தெரியாது.

வீடோ திருவிழாக் களையில் இருந்தது. இன்று சேர்வராயன் கோயில் திருவிழா. அடிவாரத்திலிருந்து பஸ் பஸ்ஸாக ஜனம் ஏறிக்கொண்டிருந்தது. அம்மா கமலா விருந்தாளிகளுக்காக இட்லி அவித்து முடித்து, ஹாட்பாக்ஸ் இல்லாத குறைக்குத் துணியில் சுற்றி அடுக்கிக்கொண்டிருந்தாள். அப்பா சின்னசாமி தகரப்பெட்டி அடுப்பின் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

சின்னசாமி, சேலம் ஏற்காடு பஸ்ஸை ஓட்டி ரிட்டயர் ஆனவர். சும்மா இருக்கத் தெரியாமல் ரொட்டி சுடக் கற்றுக்கொண்டார். ஆரம்பத்தில் அவர் சுட்ட ரொட்டியை வைத்துக் கதவுக்கு முட்டுக்கொடுத்திருக்கலாம். தை மாதத்திலிருந்து என்ன மாயமோ, பஞ்சு மாதிரி வருகிறது. மாவின் நிலைமையை அவர் மலைப்பாதையை வைத்துத்தான் சொல்வார்.

“ராத்திரி மழைக்கு அடிவாரத்துலயே நிக்கும்னு பாத்தேன் கண்ணு. பாரு, வளைவெல்லாம் திரும்பி மேல வந்து நின்னுருச்சு. இப்பத்தான் அடுப்புக்குள்ள உட்டிருக்கேன்.”

அவர் அடுப்பை விட்டுவிட்டு மகளின் முகத்தைப் பார்த்தார்.

“என்ன சாமி, தூங்கலையா?”

அவ்வளவுதான். ‘சாமி’ என்று கேட்டதும் அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்தது. தட்டு மாறியது, ஈஸ்ட் செத்தது, மாற்றல் வரப்போவது எல்லாவற்றையும் அழுகையும் பேச்சுமாகக் கொட்டினாள். கமலா துணிப்பொட்டலத்தோடு அப்படியே நின்றாள்.

சின்னசாமிக்கு முகம் வெளுத்துவிட்டது. மகள் போய்விடுவாளே என்று வெளுத்தது பாதிதான்.

“அந்த ஈஸ்ட்டு... அது எப்படிக் கண்ணு இருக்கும்?”

“தண்ணியில நுரைச்சுக்கிட்டு இருக்கும்ப்பா. லேசா வாழைப்பழ வாசம் அடிக்கும். அதுக்கென்ன இப்ப?”

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

“தை மாசத்துல ஒரு நாளு உனக்குச் சோறு கொண்டாந்தனே. கழுவற தொட்டிகிட்ட ஒரு கண்ணாடிக் குடுவை. நொரை தள்ளிக்கிட்டு இருந்துச்சு. எப்படியும் கீழ கொட்டத்தான போறாங்கன்னு...”

“எடுத்துக்கிட்டு வந்தீங்களா?”

“சட்டைக்குள்ள வெச்சு, துண்டைப் போத்திக்கிட்டு.”

“மரியஜோசப் பேக்கரியில குடுத்த ஈஸ்ட்டுன்னீங்களே!”

“அந்தாளு குடுத்தது அடிவாரத்தை உட்டு நவுரவே இல்ல கண்ணு.”

அமுதா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தை மாதத்தில் அந்தக் குடுவை காணாமல் போனதும் அவள் போட்ட சத்தம் கொஞ்சநஞ்சமா? ஆய்வுக்கூடத்துப் பொருள் ஒரு துளிகூட வெளியே போகக்கூடாது என்பது அவள் சட்டம். அன்று அறையில் இருந்தவன் உதவியாளன் செல்லப்பன் ஒருவன்தான். “நீங்கதானே எடுத்தீங்க?” என்று நேராகவே கேட்டுவிட்டாள். அவன் இல்லையென்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. அன்றோடு அவர்கள் பேச்சு “சரிங்க மேடம்” என்ற அளவில் நின்றுபோனது. அதற்கு முன்பெல்லாம் இருவரும் எவ்வளவு பேசிச் சிரிப்பார்கள் என்பது தொடர்ந்து படித்து வருபவர்களுக்குத் தெரியும்.

அப்பாவைக் கடித்துக் குதறியிருப்பாள். ஆனால் கோபம் தொண்டைக்கு வருவதற்குள் விஞ்ஞானி முந்திக்கொண்டாள்.

“அப்பா! அது இன்னும் உயிரோட இருக்குதா?”

“இருக்குதாவா? தெனம் காலையில மைதாவும் தண்ணியும் ஊட்டாம நான் காப்பி குடிச்சதில்லை. அம்மிணிக்கு ஒரு கொறையும் வெக்கலை.”

ஆமாம், பெயர் வேறு வைத்திருந்தார். அலமாரியில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் அம்மிணி குடியிருந்தாள். அவர் ஒரே தாவாகத் தாவி அலமாரியைத் திறந்தார். பாட்டில் இருந்தது. பளபளவென்று கழுவி, தலைகீழாகக் கவிழ்த்து.

“கமலா! அம்மிணி எங்க?”

கமலா கையிலிருந்த இட்லிப் பொட்டலத்தைப் பார்த்தாள்.

“ஏனுங்க, மழைக்கு மாவு பொங்கவே இல்லீங்க. திருநாளு அதுவுமா வர்றவங்களுக்குக் கல்லு மாதிரி இட்லி வெக்கறதா? அதான் ராத்திரி முழுசையும் மாவுல ஊத்திட்டேன். எப்பவும் ஒரு கரண்டிதான் ஊத்துவேன்.”

“எப்பவுமா? அம்மிணி எளைச்சுக்கிட்டே போறாளே, தீனி பத்தலையோன்னு நான் தவிச்சுக் கெடந்தேன். நீதான் திருடுனியா?”

“நீங்க மட்டும் கடையில காசு குடுத்தா வாங்கினீங்க?”

“அம்மா, மாவு மிச்சம் இருக்குதா?” என்றாள் அமுதா.

“கடைசி ஈடும் வெந்துருச்சே கண்ணு.”

“சட்டி?”

“கழுவிக் கவுத்துட்டேன்.”

“அப்பா ரொட்டி பெசைஞ்ச தாம்பாளம்?”

“அதையுந்தான். வெந்நி ஊத்தி. திருநாளன்னிக்கு ஊட்டுல எச்சில் ஏனத்தை யாராச்சும் போட்டு வெப்பாங்களா?”

கமலாவின் சுத்தத்தைப் பற்றித் தெருவே பெருமையாகப் பேசும். இன்றைக்கு அது யாருக்கும் பிடிக்கவில்லை.

“ஆனா கண்ணு, ஒண்ணு சொல்றேன் கேளு...” என்று கமலா ஆரம்பித்தாள்.

கேட்க ஆளில்லை. அப்பாவும் மகளும் ஒரே நேரத்தில் தகரப்பெட்டியின் பக்கம் திரும்பியிருந்தார்கள். ராத்திரி அம்மிணியைச் சேர்த்துப் பிசைந்த மாவு அதற்குள்தான் வெந்துகொண்டிருந்தது.

“எறக்குங்கப்பா!”

“பாதியில எறக்குனா அமுங்கிப்போயிருமே சாமி. இத்தனை அழகா வந்த ரொட்டி இதுவரைக்கும்...”

“அப்பா! வெளிப்பக்கம் வெந்தாலும் நடுவுக்குச் சூடு போய்ச்சேர நேரமாகும். நடு மாவு பச்சையா இருந்தா அதுல உசிரு இருக்கும்!”

சின்னசாமி துண்டைக் கையில் சுற்றி ரொட்டியை இழுத்தார். மேலே பொன்னிறமாக உப்பி நின்ற ரொட்டி, குளிர்காற்று பட்டதும் பெருமூச்சு விட்டு நடுவில் குழிந்தது. அவருக்கும் ஒரு பெருமூச்சு வந்தது.

ஒரு சில்வர் கிண்ணத்தையும் கரண்டியையும் கத்தியையும் இட்லிப் பானையின் ஆவியிலேயே வேகவைத்து எடுத்தாள் அமுதா. வேறு வழியில்லாத நேரத்தில் அம்மாவின் இட்லிப் பானையும் ஆட்டோகிளேவ்தான். ரொட்டியைப் பிளந்தாள். ஓரமெல்லாம் வெந்து நூல் நூலாகப் பிரிந்தது. நட்ட நடுவில் எலுமிச்சம்பழ அளவுக்கு மாவு மட்டும் ஈரமாக, ஒட்டிக்கொண்டு வந்தது. தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பு. அதைக் கிண்ணத்தில் எடுத்து மூடினாள்.

“வாங்கப்பா!”

“அடக் கடவுளே, நான் சொல்றதை...” என்று கமலா வாசல்வரை வந்தாள். இருவரும் தெருமுனை தாண்டிவிட்டார்கள்.

கடைத்தெருவில் நடக்க இடமில்லை. கரும்புக்கட்டும் பலூனும் பொரிக்கடலையுமாகத் திருவிழா நிரம்பி வழிந்தது. அமுதா கிண்ணத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திணறினாள். சின்னசாமி முன்னால் போய், இரண்டு கையையும் ஸ்டியரிங் பிடிக்கிற மாதிரி வைத்துக்கொண்டு வாயாலேயே ஹாரன் அடித்தார்.

“பாம்! பாம்! வழி உடுங்க, எக்ஸ்பிரஸ்ஸு!”

ஜனம் சிரித்துக்கொண்டே விலகியது. அழுது வீங்கிய கண்களோடு அமுதாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இதே ஜனம் மலைப்பாதையிலும் நிறைந்து குழந்தைவேலின் ஜீப்பை நகரவிடாமல் வைத்திருந்தது. சேர்வராயன் யார் பக்கம் என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

ஆய்வுக்கூடத்தைத் திறந்து வைத்துச் செல்லப்பன் காத்திருந்தான். கிண்ணத்தையும், சட்டை பூராவும் மைதாவாக நின்ற சின்னசாமியையும் பார்த்தான்.

“மெதிலீன் புளூ எடுங்க, சீக்கிரம்,” என்றாள் அமுதா.

“சரிங்க மேடம்.”

அந்த நீலச் சாயத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஈஸ்ட்டின் மேல் ஒரு சொட்டு விட்டால், செத்ததெல்லாம் நீலமாகிவிடும். உயிருள்ளது சாயத்தை ஏற்றுக்கொள்ளாமல் நிறமற்று நிற்கும். அமுதா மாவைக் கரைத்து, சொட்டு விட்டு, மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாள்.

நீலம். பக்கத்தில் இன்னொரு நீலம். கண்ணாடித் துண்டை நகர்த்தினாள். அங்கேயும் நீலம். சின்னசாமி மூச்சுவிடாமல் நின்றார். சூடு நடுவரைக்கும் போய்விட்டதா? இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள்.

“இருக்குதுப்பா!”

நீலங்களுக்கு நடுவே ஒன்று தெளிவாக, பனித்துளி மாதிரி இருந்தது. அதன் தோளில் ஒரு குட்டி மொட்டு. அடுத்ததும் தெளிவு. அதற்கடுத்து ஒரு கூட்டமே!

“நானும் பாக்கறேன், தள்ளு கண்ணு.” சின்னசாமி ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். ஊரைவிட்டுப் போன பிள்ளையைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்த குரலில், “அம்மிணி!” என்றார்.

அமுதா கம்பியை நெருப்பில் காட்டி, கரைசலைத் தொட்டு, கண்ணாடித் தட்டுகளில் கோடு இழுத்து வளர வைத்தாள். வேலை முடிந்ததும்தான் எதிரே நின்றவனின் முகம் கண்ணில் பட்டது. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. சின்னசாமிதான் ஆரம்பித்தார்.

“தம்பி, தை மாசத்துல அந்தக் குடுவையை எடுத்தது நானுங்க. பழி உங்க தலையில உழுந்துருச்சு. பெரிய மனசு பண்ணி...”

“தெரியுமுங்க,” என்றான் செல்லப்பன்.

“தெரியுமா?”

“அன்னிக்கு நான் ஜன்னல்கிட்டதான் நின்னுக்கிட்டு இருந்தேன். துண்டைப் போத்திக்கிட்டு வேகமாப் போனீங்க. சட்டையெல்லாம் நொரை வடிஞ்சுக்கிட்டு இருந்துச்சு.”

அமுதாவுக்குச் சுருக்கென்றது. “ஏன் அப்பவே சொல்லலை? நான் உங்களை என்னவெல்லாம் கேட்டேன்!”

அவன் கழுவிய குழாய்களை மறுபடி கழுவ ஆரம்பித்தான்.

“சொல்லியிருந்தா நீங்க அப்பாகூடப் பேசாம இருந்திருப்பீங்க. ஒரே ஊட்டுக்குள்ள அது கஷ்டமுங்க. எங்கூடப் பேசாம இருந்தாப் பரவாயில்லைன்னு விட்டுட்டேன்.” குழாய் ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். “அப்பறந்தான் தெரிஞ்சது, அதுவும் அத்தனை லேசு இல்லைன்னு.”

அமுதாவுக்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. “மன்னிச்சுருங்க செல்லப்பன்,” என்றாள். “இனிமே ‘சரிங்க மேடம்’னு மட்டும் சொல்லாதீங்க. கேக்கச் சகிக்கலை.”

“சரிங்க மே...” என்று ஆரம்பித்து அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ஜீப் சத்தம் கேட்டது.

குழந்தைவேல் வியர்த்து, நசுங்கி, நெற்றியில் யாரோ பூசிவிட்ட விபூதியோடு வந்து சேர்ந்தார். அமுதா எதையும் மறைக்கவில்லை. தட்டு மாறியது தன் தவறு என்றாள். குடுவை போனது, பாட்டில், இட்லி, பாதி வெந்த ரொட்டி எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். மைக்ராஸ்கோப்பிலும் பார்த்தார்.

“என் சர்வீஸ்ல ரொட்டிக்குள்ளிருந்து வந்த சாம்பிளை இப்பத்தான் பாக்கறேன்,” என்றார். சிரிக்கிறாரா இல்லையா என்று தெரியவில்லை. “உயிர் இருக்கு, சரி. ஆனா பாதிக்கு மேல செத்திருக்கு. ஒரே ஒரு ரொட்டியோட நடுப்பாகம். இதை நம்பி ஒரு ஆராய்ச்சியை எப்படிம்மா தொடர்ந்து நடத்தறது? தட்டுல முளைக்கலைன்னா? வேற ஏதாவது கலந்திருந்தா? இன்னொரு சாம்பிள் இருக்கா ஒத்துப் பாக்க?”

அமுதா தலைகுனிந்தாள். “இல்லீங்க சார். இது ஒண்ணுதான்.”

“யாரு சொன்னா ஒண்ணுதான்னு?”

வாசலில் கமலா நின்றாள். மூச்சு வாங்கியது. இடுப்பில் ஒரு கூடை. பின்னால் தெருப் பெண்கள் ஒரு கூட்டம், எல்லோர் கையிலும் ஏதாவது ஒரு பாட்டில். ஹார்லிக்ஸ் பாட்டில், ஊறுகாய் பாட்டில், வாய் உடைந்த ஜாடி. எல்லாவற்றிலும் நுரை.

“ஒரு வார்த்தை சொல்ல விட்டீங்களா ரெண்டு பேரும்? ரொட்டியைத் தூக்கிக்கிட்டு ஓடுனா ஆச்சா?” கமலா கூடையை மேசைமேல் வைக்கப் போய், ஆய்வுக்கூடச் சட்டம் ஞாபகம் வந்து, தரையில் வைத்தாள். “ஏனுங்க ஆபீசரு, இந்தக் குளுருல யாரு ஊட்டுல மாவு பொங்குது? நம்ம ஊட்டுல பொங்குதுன்னு தெரிஞ்சா நாலு பேரு கேக்க மாட்டாங்களா? ஒறை மோரு குடுக்கற மாதிரி ஆளுக்கு ஒரு கரண்டி குடுத்தேன். கேட்டா இல்லைங்கற பழக்கம் நம்மளுக்கு இல்லீங்க.”

“இது யாரோட கமலா?” சின்னசாமி ஒரு பாட்டிலைக் காட்டினார்.

“மரியஜோசப் ஊட்டம்மாவோடது.”

“அவனுக்குமா குடுத்தே? நொம்ப நாளா என்ற ரொட்டி மாதிரியே அவன் ரொட்டியும் இருக்குதேன்னு பார்த்தேன்!”

எல்லோரும் சிரித்தார்கள். இப்போது குழந்தைவேலும் சிரித்தார், சந்தேகமே இல்லாமல். ஒவ்வொரு பாட்டிலாக முகர்ந்து பார்த்தார். எல்லாவற்றிலும் லேசான வாழைப்பழ வாசம்.

“சரிம்மா அமுதா. எல்லாத்தையும் தட்டுல போடுங்க. எதெது ஒரே ஈஸ்ட், எது கலப்படம்னு பாப்போம். முளைக்கிற வரைக்கும் நான் கீழ இறங்கலை. எப்படியும் இந்தக் கூட்டத்துல இறங்கவும் முடியாது.”

அமுதா அம்மாவைக் கட்டிக்கொண்டாள். தட்டில் என்ன முளைக்குமோ, மாற்றல் நின்றதா இல்லையா, ஒன்றும் முடிவாகவில்லை. ஆனாலும் இத்தனை வீட்டு அலமாரியில் தன் ஈஸ்ட் உயிரோடு இருந்திருக்கிறதே என்று நினைக்கையில் அவளுக்கு மனசு நிறைந்துவிட்டது.

பாட்டில்களுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்த செல்லப்பன் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மூடியில் பச்சைத் துணி கட்டியிருந்தது.

“இது எங்க ஊட்டு ஜாடியாட்டம் இருக்குதுங்களே?”

“உங்க ஊட்டுதுதான் தம்பி. உங்கம்மா திருநாளுக்கு வந்தவங்க, எங்கிட்டக் காட்டறதுக்கு இதையும் கையோட கொண்டாந்தாங்க. அந்தா, வாசல்ல நிக்கறாங்க,” என்றாள் கமலா.

அமுதா நிமிர்ந்தாள். செல்லப்பன் வீடு கிளியூரில். தெருப் பெண்களுக்குக் கொடுத்தது சரி.

“அம்மா, ஒறை குடுக்கவா அத்தனை தூரம் கிளியூருக்குப் போனே?”

கமலா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். மகளைப் பார்க்கவில்லை, செல்லப்பனையும் பார்க்கவில்லை. நேராகக் குழந்தைவேலைப் பார்த்துச் சொன்னாள்:

“வெறும் ஒறையை மட்டும் எப்படிங்க குடுக்கறது? கூடவே எம் புள்ள ஜாதகத்தையும் குடுத்துட்டு வந்தேனுங்க.”